அரை மதிப்பெண்

பதினேழாம் வினா. ஒரு மதிப்பெண்.
ரிபேனி மடத்தின் மணிக்கூண்டைக் கட்டியவர் யார்?
விடைக்குறிப்பில் இளவரசர் பெயர் இருந்தது,
அடிக்கோட்டோடு.
இருபத்தெட்டுத் தாள்களிலும் அதே பெயர்,
இரண்டில் எழுத்துப்பிழை,
அதற்கும் மதிப்பெண் போட்டேன்.

சம்பிலா லக்காத்துஷ் மட்டும்
இப்படி எழுதியிருந்தாள்:
ஒப்ரேயா என்கிற கொல்லர். அவர் மனைவி நெயாக்ஷா.
கல் சுமந்தவர்கள் பதினொரு பேர்.
அவர்களில் நான்கு பேருக்குப் பெயர் எழுதப்படவில்லை.

சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டு
அடுத்த தாளை எடுத்தேன்.
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை அவள் அம்மா வந்தார்.
சம்ஃபீரா, மாவட்ட மருத்துவமனையில்
எக்ஸ்ரே எடுப்பவர்.
பையிலிருந்து ஒரு நகலை எடுத்து விரித்தார்.
மடத்தின் சொத்துப்பட்டியல், பழைய சிரிலிக் எழுத்தில்.
வரிக்கு வரி பென்சிலால் பெயர்த்திருந்தார்.
எருது பதினான்கு.
தேன்கூடு நாற்பது.
செப்புக் கொப்பரை மூன்று.
ஒப்ரேயா, கொல்லன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள்.
மறுபடி எருது.

எனக்குத் தெரியாததல்ல.
ஐந்நூறு ஆண்டு இந்த ருமேனிய மண்ணில்
ரோமா மக்களை விலைபேசி விற்றார்கள் என்று
கல்லூரியில் ஒரு மதியம் கேட்டிருக்கிறேன்.
அன்று மழை. ஜன்னலைச் சாத்த எழுந்தேன்,
திரும்பி வந்தபோது அடுத்த பாடம்.
பாடத்திட்டத்தில் இல்லாததை
நான் எப்படி நடத்துவது என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை.
"கட்டுவித்தவர் யார் என்று கேட்டிருந்தால்
இளவரசர் சரி.
கட்டியவர் யார் என்றுதானே கேட்டீர்கள்?"

கட்டுவித்தவர்.
அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு வித்தவர்
நின்றுகொண்டிருப்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இருவரும் கையெழுத்திட்டு மனு அனுப்பினோம்.
மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது:
விடைக்குறிப்பை மாற்ற இயலாது.
எனினும், பரிவுடன் பரிசீலித்ததில்,
மாணவிக்கு அரை மதிப்பெண் வழங்கலாம்.
அடுத்த பதிப்பில் எண்பத்தேழாம் பக்கத்தில்
சாம்பல் நிறக் கட்டத்துக்குள்
'உங்களுக்குத் தெரியுமா?' என்ற தலைப்பில்
நான்கு வரிகள் சேர்க்கப்படும்.
தேர்வுக்கு உரியதல்ல.

எனக்கு அது வெற்றி மாதிரிதான் இருந்தது.
கேக் வாங்கிக்கொண்டு போனேன்.

சம்ஃபீரா கடிதத்தை
ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார்,
முறிவு எங்கே என்று தேடுகிறவரைப் போல.
"அரை" என்றார்.
பிறகு, நாற்காலியைக் காட்டாமலே, சொன்னார்:
"கணவன் மடத்துக்குச் சொந்தம்,
மனைவி ஒரு பிரபுவுக்குச் சொந்தம் என்றால்
பிள்ளைகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.
ஒரு பிள்ளை மிஞ்சினால் காசு கொடுத்து நேர்செய்தார்கள்.
கடைசிப் பக்கம், நீங்கள் புரட்டவில்லை.
பாதி என்றால் என்ன என்று
எங்களுக்குக் கற்றுத்தர வேண்டாம்.
ஒன்று போடுங்கள், இல்லையென்றால் சுழியம்.
சுழியத்தையாவது எதிர்த்து வழக்குப் போடலாம்."

உள்ளறையிலிருந்து சம்பிலா வந்தாள்.
கேக்கின் மேலிருந்த செர்ரியை மட்டும் எடுத்து
வாயில் போட்டுக்கொண்டு
கணக்குப் பாடத்துக்குத் திரும்பிப் போனாள்.
அவளுக்கு அவள் விடையில்
ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

மதிப்பெண் பட்டியல் இன்னும் என் மேசையில்.
அவள் பெயருக்கு நேரே ஒரு கட்டம் காலி.
தலைமையாசிரியர் இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்.
மூன்றாம் முறை கேட்கும்போது
'ஒன்று' என்று எழுதிக் கையெழுத்திடுவேன்,
விளக்கக் கடிதம் தயாராக இருக்கிறது.

இந்த ஆண்டு வினாத்தாளும் என் பொறுப்புதான்.
பதினேழாம் வினாவை எழுதுகிறேன், அடிக்கிறேன்,
எழுதுகிறேன்.
பெயர் எழுதப்படாத அந்த நால்வரை
விடைக்குறிப்பில்
எப்படிக் குறிப்பது?